மல்லாகோலிக்கு ஓடிய தண்ணீர்

செத்தவர்களுக்குத் தண்ணீர் விடுகிறீர்கள் என்று புகார் சொல்லத்தான் பிம்லா தேவி மலையேறி நீரளவை நிலையத்துக்கு வந்திருந்தாள். அவள் பேசியது மலை மொழி. அதைத் தமிழில் எடுத்துச் சொன்னவன் குந்தன்.

இமயமலையில், பனி உருகி ஓடும் நீலிகாட் ஆற்றின் கரையில், தமிழ் பேச ஒரு ஆள் கிடைப்பான் என்று இசக்கியம்மாள் நினைத்ததே இல்லை. அவளுக்குக் கல்லிடைக்குறிச்சி. நீரியல் படித்துவிட்டு, ஆற்று வாரியம் தூக்கிப் போட்ட இடத்துக்கு வந்தவள். குந்தன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருடம் ஓவர்லாக் தைத்தவன். இப்போது நிலையத்தில் மதகுக் காவல். அவனுடைய தமிழ் தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே கற்றுக்கொண்ட தமிழ்.

"எங்க சித்தி என்ன சொல்றாங்கன்னா அக்கா, கீழ பார்லி காயுது, உருளைக்கெழங்கு காயுது. மேல ஆளே இல்லாத ஊருக்கு வாய்க்கா நெறையத் தண்ணி போகுதுங்கறாங்க. நம்பலைன்னா வந்து பாக்கச் சொல்றாங்க."

"மேல எந்த ஊரு?"

குந்தன் மேலே சரிவைப் பார்த்தான்.

"மல்லாகோலிங்க. எங்க ஊரு."

மல்லா என்றால் மேல், தல்லா என்றால் கீழ். மல்லாகோலியும் தல்லாகோலியும் ஒரே சரிவில் இருந்த இரண்டு சிற்றூர்கள். தல்லாகோலி பிம்லாவின் ஊர். மூன்று குளிர்காலத்துக்கு முன்பு ஒரு பனிச்சரிவு வந்து மல்லாகோலியை முழுக்க மூடிவிட்டது. ஊரில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. குந்தனின் தாய், மனைவி சரூலி, ஐந்து வயது மகள் தனு எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். குந்தன் அன்றைக்குத் திருப்பூரில் நைட் ஷிப்டில் இருந்தான். இசக்கி வேலைக்கு வந்தது அதற்கப்புறம்தான். கதை தெரியும். அந்த ஊருக்கு இன்னும் தண்ணீர் போகிறது என்பது தெரியாது.

மறுநாள் மூன்று பேரும் மேலே ஏறினார்கள். ஏப்ரல் தொடங்கியிருந்தது. வழக்கமாக அந்த மாதத்தில் இடுப்பளவு பனி கிடக்கும் சரிவுகளில் வெறும் கல்லாகத் தெரிந்தது. அந்தக் குளிர்காலம் பனி பொய்த்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

ஆனால் மல்லாகோலி வாய்க்கால் தளும்பி ஓடிக்கொண்டிருந்தது. மதகு அளவாகத் திறந்திருந்தது. தண்ணீர் இடிந்த சுவர்களைச் சுற்றிப்போய், வரப்பு சரிந்த அடுக்கு வயல்களில் பாய்ந்து, கற்களுக்கிடையே இறங்கிக் காணாமல் போனது. யாரும் விதைக்காத வயல்களில் புல் முழங்கால் உயரம் நின்றது. நசுங்கிய ஒரு தகரக் கூரைக்குப் பக்கத்தில் ஆப்ரிகாட் மரம் ஒன்று பூத்திருந்தது. குந்தன் அந்தக் கூரைப்பக்கம் போகவில்லை. மதகடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிம்லா ஏதோ சொன்னாள். இந்த முறை குந்தன் மொழிபெயர்க்கவில்லை. இசக்கியும் கேட்கவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் இசக்கி கணினியைத் திறந்தாள். நீலிகாட்டின் மதகுகளை எல்லாம் இயக்குவது ஒரு நிரல். அலுவலகத்தில் அதை நிழலாறு என்பார்கள். மேலே எவ்வளவு பனி கிடக்கிறது, எந்த வெயிலுக்கு எவ்வளவு உருகும், கீழே எந்த வீட்டில் எந்நேரம் எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள் என்று எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு, உண்மையான ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆறாக அது ஓடிக்கொண்டிருந்தது. குழாய் உள்ள ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும், ஊற்றிலும் மீட்டர் உண்டு. அவை சொல்வதைக் கேட்டுத்தான் மதகு ஏறும், இறங்கும்.

"பனிச்சரிவுல மீட்டரெல்லாம் நொறுங்கிட்டு," என்று இசக்கி குந்தனிடம் சொன்னாள். "ஒரு மீட்டர் பேசாமப் போச்சுன்னா இது உடனே விட்டிராது. மீட்டர்தான் கெட்டிருக்கு, ஆளு இருக்காங்கன்னு நெனைக்கும். பழைய கணக்க வச்சு, இந்நேரம் இவ்வளவு எடுத்திருப்பாங்கன்னு தானே நெரப்பிக்கிடும். எல்லா ஊருக்கும் அப்படித்தான்."

"மூணு வருசமாவுங்களா?"

"ஆமா. ஆளில்லன்னு இதுகிட்ட யாரும் சொல்லல."

"எனக்கு மூணு பேருக்கும் டெத் சர்ட்டிபிகேட் குடுத்தாங்களே அக்கா."

"அது வேற ஆபீஸ்."

குந்தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கூடு இதுல இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் என்று இசக்கி பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டாள். அப்போது அவள் மவுஸை நகர்த்தி அந்த வீட்டைக் காட்டினாள்.

திரையில் ஒரு கோடு. விடிவதற்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு, கொஞ்சம் கழித்துப் பெரிதாக ஒன்று, மத்தியானம் ஒன்று. குந்தன் திரையைத் தொடாமல் விரலைப் பக்கத்தில் கொண்டுபோனான். "இது எங்கம்மாங்க. எந்திரிச்சதும் சுடுதண்ணி வெப்பாங்க. இது சரூலி, மாட்டுக்குத் தண்ணி காட்றது." அப்புறம் விரல் நின்றது. "இது என்னங்க? காலைல புதுசா ஒண்ணு இருக்குது?"

"பிள்ளைக்கு வயசு ஏற ஏறத் தண்ணிச் செலவும் மாறும்லா. வீட்டுல யார் யாருக்கு என்ன வயசுன்னு இதுக்குத் தெரியும். வருசா வருசம் ஏத்திக்கிட்டே வரும்."

"எட்டு வயசு," என்றான் குந்தன். "தானே குளிச்சுக்குவா இப்ப."

அன்றிலிருந்து அவன் காலையில் மதகுப் பக்கம் போவதற்கு முன் நிலையத்துக்கு வந்தான். ஒன்றும் கேட்கமாட்டான். வாசலில் நிற்பான். இசக்கி அந்தக் கோட்டைத் திறந்து வைப்பாள். பார்த்துவிட்டுப் போவான். ஒரு நாள் பதறிப்போய் வந்தான். "நேத்து பூராத் தண்ணியே எடுக்கலீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா என்னமோ."

இசக்கி பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தாள். எல்லா வருடமும் அந்த நாளில் ஊர் மொத்தமும் தண்ணீர் எடுக்காமல் இருந்திருக்கிறது.

"நேத்து சித்திரை ஒண்ணு," என்றாள்.

"அட, ஆமாங்க. திருவிழா. எல்லாரும் ஆத்துக்குக் குளிக்கப் போயிருப்பாங்க." அவன் முகம் தெளிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனான். இசக்கியால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

பிறகு அவளும் மற்ற வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் சாயங்காலத் தண்ணீர் கூடியிருந்தது. நிழலாற்றின் கணக்கில் அங்கே ஒரு பிள்ளை பிறந்திருந்தது. இன்னொரு வீட்டில் முந்தின ஆண்டு ஒரு கிழவருடைய பங்கு நின்றுபோயிருந்தது. அவர் வயதைப் பார்த்து நிழலாறே அவரைச் சாகடித்திருந்தது. அதை ஒட்டிச் சில நாட்கள் அந்த வீட்டின் கோடு உயர்ந்து கிடந்தது. துக்கத்துக்கு வந்த சனத்துக்கான தண்ணீர். மதகு அத்தனை தண்ணீரையும் நிஜமாகவே திறந்துவிட்டிருந்தது. காரியம் முடிந்ததும் இறங்கியிருந்தது.

வாரியத்தின் இயக்குநர் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசினார். ஆளில்லாத இடத்துக்குத் தண்ணீர் கிடையாது, அந்த ஊரை உடனே நீக்கிவிடுங்கள், இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்ததே தவறு. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கீழே பயிர் காய்ந்துகொண்டிருந்தது. இசக்கி சரி சார் என்றாள். அன்று நீக்கவில்லை. மறுநாளும் நீக்கவில்லை. வாசலில் குந்தன் நிற்கும்போது அதைச் செய்ய அவளுக்குக் கை வரவில்லை. இப்போது அவன் சித்தி வீட்டுக்குக்கூடப் போவதில்லை. மதகடியில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருந்தான். விடியும் முன் மதகு ஏறும் சத்தம் அவனுக்குக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் முடிவில் ஒரு நாள் பிம்லாவும் ஊர்ப் பெண்களும் கடப்பாரை எடுத்துக்கொண்டு நேரே மதகுக்குப் போய்விட்டார்கள். குந்தன் குறுக்கே நின்றான். அங்கே நடந்ததை அவனே இசக்கியிடம் வந்து சொன்னான். நிலையத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் சேறு.

"சித்தியத் தள்ளிப்போட்டனுங்க. வாய்க்காக் கல்லுல விழுந்துட்டாங்க. மணிக்கட்டு ஒடஞ்சுபோச்சு. நாந்தான் முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி நெடுக அழுதுட்டே வந்தாங்க. வலிக்குதுன்னு அழுவல. எங்கம்மா பேரச் சொல்லி, உன் மகன் இப்படி ஆயிட்டான் பாருன்னு அவங்ககிட்டச் சொல்லி அழுதாங்க."

இசக்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூடிருங்க அக்கா," என்றான்.

"கடைசியா ஒருக்கப் பாக்குதீங்களா?"

"வேண்டாங்க."

அவன் வெளியிலேயே இருந்தான். இசக்கி உள்ளே போய், ஒவ்வொரு வீடாகத் திறந்து, ஆளில்லை என்று குறித்தாள். கடைசி வீட்டை முடித்ததும் தூரத்தில் மதகு இறங்கும் சத்தம் கேட்டது. குந்தன் எழுந்து போய் வாளித் தண்ணீரில் சட்டையை அலசினான்.

மல்லாகோலியின் பங்கு தல்லாகோலி வயல்களுக்குத் திரும்பியது. பார்லி தேறியது. கட்டுப்போட்ட கையோடு பிம்லா ஒரு கூடை கீரை கொடுத்தனுப்பினாள். குந்தன் மறுபடி சித்தி வீட்டில் படுக்கப் போனான். நல்லது நடந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஜூன் மத்தியில் தல்லாகோலியின் ஊற்று கலங்கியது. அந்த மலைகளில் ஊற்றைச் சுற்றிக் கல்லால் சிறு அறை கட்டி வைப்பார்கள், நௌலா என்று பெயர். தல்லாகோலியில் வீட்டுக்குழாய் கிடையாது, ஊர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். முதலில் நிறம் மாறியது. அப்புறம் குடம் நிறைய வெகுநேரம் ஆனது. மாதம் முடிவதற்குள் கல் இடுக்கில் ஈரம் மட்டும் மிஞ்சியது. எந்த வறட்சியிலும் அது வற்றியதில்லை என்று ஊரே சொன்னது. பெண்கள் ஆற்றுக்கு இறங்கிக் குடத்தோடு ஏற வேண்டியதாயிற்று. பிம்லாவால் ஒரு கையால் குடம் தூக்க முடியவில்லை. அந்தக் கலங்கல் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஒரு கைக்குழந்தையை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைக்குமா என்று இரண்டு நாள் தெரியவில்லை.

இசக்கிக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குந்தனோடு மேலே போனாள். மதகைக் கையால் திருகித் திறந்து, வாய்க்காலில் ஓடிய தண்ணீரில் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். தண்ணீர் பளீரென்று பச்சையானது.

"குடிக்கற தண்ணில சாயமுங்களா?" குந்தன் அவள் கையைப் பிடிக்கப் போனான். "திருப்பூர் நொய்யல்ல நாங்க பாத்தது போதாதுங்களா?"

"இது அந்தச் சாயம் இல்ல. கண் டாக்டர் கண்ணுல விட்டுப் பாப்பாங்களே, அது. ஒண்ணும் பண்ணாது. இந்தத் தண்ணி எங்க போய் எந்திரிக்குன்னு பாக்கணும்."

மதகைச் சில நாட்கள் திறந்தே வைத்தாள். இயக்குநரிடம் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் பிம்லா குந்தனுக்குப் போன் செய்தாள். நௌலாவில் தண்ணீர் கசிகிறது, லேசாகப் பச்சை தெரிகிறது, குடிக்கலாமா என்று கேட்டாள்.

இசக்கி வெகுநேரம் பழைய பதிவுகளோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு குந்தனைக் கூப்பிட்டாள்.

"மேல அந்த வயல்ல பாயுற தண்ணிதான் மண்ணுக்குள்ள இறங்கி, பாறை இடுக்கு வழியா வந்து, உங்க சித்தி ஊருல ஊத்தா வருது. எத்தன தலைமுறையாவோ அப்படித்தான் வந்துக்கிட்டிருக்கு. மேல உள்ளவங்க பயிருக்குப் பாய்ச்சுனாங்க. கீழ உள்ளவங்க அதக் குடிச்சாங்க. ரெண்டு ஊருக்கும் இது தெரியாது."

"நிழலாறுக்குத் தெரியுமுங்களா?"

"அதத்தான் பாத்தேன். ஊர் போன அன்னைக்கு மதகு திறந்தபடியே நின்னுருக்கு. தண்ணி பாட்டுக்குப் பாஞ்சிருக்கு. கீழ ஊத்து ஓடிருக்கு. நௌலால ஒரு மீட்டர் இருக்குல்லா, அதப் பாத்துட்டு இது என்ன நெனச்சிருக்குன்னா, ஊத்து ஓடுது, அப்ப மேல யாரோ வயலுக்குப் பாய்ச்சுதாங்க, ஆளு இருக்காங்கன்னு. உடனே மறுநாளுக்கும் அவங்களுக்குத் தண்ணி விட்டிருக்கு. அதனால ஊத்து ஓடிருக்கு. இப்படியே மூணு வருசம்."

குந்தன் யோசித்தான். "அப்ப அதுக்குப் பாசமெல்லாம் இல்லீங்க."

"இல்ல."

"கீழ இருக்கறவங்க உசுரோட இருந்ததால, மேல இருக்கறவங்களும் இருக்காங்கன்னு நெனச்சிருக்குது."

"ஆமா."

"மூடச் சொன்னது நாந்தானுங்க," என்றான். மூடியது இசக்கி.

அவள் எல்லாவற்றையும் விளக்கி வாரியத்துக்கு எழுதினாள். சாயம் விட்டதையும் மறைக்கவில்லை. இயக்குநர் கோபப்படவில்லை, பாராட்டக்கூடச் செய்தார். நல்ல கண்டுபிடிப்பு, ஒரு குழு அமைத்து ஆராய்வோம், இரண்டு பருவமாவது பார்க்க வேண்டும் என்றார். அதுவரை விதி விதிதான். குடியிருப்பு இல்லாத இடத்துக்கு நிழலாறு தண்ணீர் ஒதுக்காது. கையால் மதகைத் தொடுவது குற்றம், உடனே மூடுங்கள். இசக்கி மதகை மறுபடி மூடினாள்.

மறுநாள் காலை தல்லாகோலிப் பெண்கள் நிலையத்துக்கு வந்தார்கள். குந்தன் எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லியிருந்தான். ஒருத்தியும் கூச்சல் போடவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பிம்லா பேசினாள். குந்தன் சொன்னான்.

"சித்தி கேக்கறாங்க. மல்லாகோலில ஆளிருந்தா தண்ணி விடுமுங்களா?"

"விடும்."

"அப்ப இருக்காங்கன்னு எழுதுங்கறாங்க."

"முன்னாடி அது தானே நெனச்சுக்கிட்டது குந்தன். இப்ப நானே எழுதுனா அது பொய்."

குந்தன் அதை மலை மொழியில் சொன்னான். பிம்லா இசக்கியைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் கொழந்த ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் நீங்களே மதகத் திறந்தீங்களே, அப்ப விதியப் பாத்தீங்களான்னு கேக்கறாங்க."

இசக்கி நாற்காலியைத் திருப்பி மல்லாகோலியைத் திறந்தாள். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று தோன்றவில்லை, பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திறந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் நிழலாறு அதே கேள்விகளைக் கேட்டது. எத்தனை பேர், என்ன வயது, என்ன மாடு, என்ன பயிர்.

முதல் வீட்டின் பேரைச் சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சொல்லத் தொடங்கினாள். குந்தன் அவள் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னான்.

"ஹயாத் சிங் இருந்திருக்கமாட்டாருங்க. அப்பவே இருமல். போன மழைக்குப் போயிருப்பாரு, அவர எடுத்துருங்க. சம்சாரம் இருக்காங்க. எருமை ஒண்ணு வித்திருப்பாங்க, ஒண்ணுன்னு போடுங்க. ரெண்டாவது கூட்டுல பையன் பட்டாளத்துல சேந்திருப்பான். லீவுக்குத்தான் வருவான். அடுத்த கூட்டுல மருமவளும் மாமியாளும் ஒத்துப்போகமாட்டாங்க. இந்நேரம் தனி அடுப்பு வெச்சிருப்பாங்க. ரெண்டு கூடுன்னு போட்டுக்கங்க."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவது வீட்டில் ஒரு இளைஞன். அவன் பேர் வந்ததும் எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் தலையைக் குனிந்தபடி ஒரு வாக்கியம் சொன்னாள். குந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"கல்யாணம் ஆயிருக்கும், ரெண்டு கொழந்தைங்கன்னு போடச் சொல்றாங்க. இவங்களத்தாங்க அவனுக்குப் பேசி வெச்சிருந்தாங்க."

இசக்கி இரண்டு என்று தட்டினாள். பேர்களை மட்டும் அவள் கேட்கவில்லை. நிழலாற்றுக்குப் பேர் தேவையில்லை. அந்தப் பெண் தானாகவே இரண்டு பேர்களைச் சொன்னாள்.

இப்படி வீடு வீடாக மல்லாகோலி எழுந்து வந்தது. குந்தன் எல்லோருக்காகவும் பேசினான். கடைசியாக இசக்கி குந்தனின் வீட்டைத் திறந்தாள். பிம்லா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எங்கூட்ட விட்டுருங்க அக்கா," என்றான் குந்தன்.

"ஏன்? மத்த வீடெல்லாம் போட்டாச்சே."

"மத்தவங்க தண்ணியே வயலுக்குப் போதுமுங்க. அவங்க இங்க இல்ல. திருப்பூர் வந்துட்டாங்கன்னு போட்டுக்கங்க. சரூலி வரோணும் வரோணும்னு சொல்லிட்டே இருந்தா. நானும் திங்கக்கெழம பஸ்ஸுக்குக் கெளம்பறேன். கம்பெனில பேசிட்டேன்."

இடம்பெயர்ந்தவர்கள் என்று இசக்கி குறித்தாள். நிழலாறு முகவரி கேட்டது. அவள் திரும்பிப் பார்த்ததும் அவன் தயங்காமல் சொன்னான், "அனுப்பர்பாளையம், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி, மாடி வீடு." அவள் அதைத் தட்டினாள். திரையில் அந்த வீட்டுக்கு மட்டும் கோடு எழவில்லை. தூரத்தில் மதகு ஏறும் சத்தம் கேட்டது.

பிம்லா குந்தனிடம் ஏதோ கேட்டாள். அவன் ஏதோ பதில் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு, உடையாத கையை அவன் முழங்காலில் வைத்தாள்.

"என்ன கேக்காங்க?" என்றாள் இசக்கி.

"திருப்பூர்ல தண்ணி எப்படின்னு கேட்டாங்க. வாரத்துக்கு ஒருக்காத்தான் விடுவாங்க, சரூலி சமாளிச்சுக்குவான்னு சொன்னனுங்க."